மூணு வருஷ அப்டேட் பாக்கி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் ரைஸ் மில், உரக்கடை, ஜெராக்ஸ் கடை, பள்ளிக்கூடம் என்று போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். ஒரு மிஷினைத் திறந்தால் அப்டேட் போட்டு இரண்டு வருஷம், நாலு வருஷம் ஆகியிருக்கும். உடனே அதே சந்தேகங்கள் வரும். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் பற்றித்தான், கடைசிப் பக்கம் லினக்ஸும் கொஞ்சம் உண்டு.

மூணு வருஷமா அப்டேட் போடலை சார், மிஷின் நல்லாத்தானே ஓடுது. எதுக்கு நோண்டணும்?

2017 மே 12 அன்று ‘வான்னகிரை’ என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதப் பாக்கி வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். உங்களுடையது மூன்று வருஷம்.

அது யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, ஆபீசுக்குள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் வழியாக ஒரு மிஷினிலிருந்து அடுத்த மிஷினுக்குத் தாவியது. பில் போடும் கம்ப்யூட்டரும் முதலாளி அறைக் கம்ப்யூட்டரும் ஒரே ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்த ரைஸ் மில்லும் அதற்கு ஏற்ற இடம்தான். ‘நல்லாத்தான் ஓடுது’ என்பது மிஷினைப் பற்றிய பேச்சு. உள்ளே இருக்கும் கணக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

முப்பத்தாறு மாசப் பாக்கின்னா முப்பத்தாறு தடவை போடணுமா?

வேண்டாம். பலரும் பயந்து தள்ளிப்போடுவது இந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான். 2015இல் விண்டோஸ் 10 வந்ததிலிருந்து மாத அப்டேட் எல்லாம் கூட்டுத்தொகை மாதிரி வருகிறது. இந்த மாதத்து அப்டேட்டுக்குள் போன மாதத்துடையதும், அதற்கு முந்தைய மாதத்துடையதும் இருக்கும். கடைசி ஒன்றைப் போட்டால் அந்தப் பதிப்புக்கான பாக்கி மொத்தமும் தீர்ந்தது. டாட் நெட் (சில மென்பொருள்கள் ஓடத் தேவைப்படும் பகுதி), டிரைவர் (பிரிண்டர் போன்ற கருவிகளை ஓட்டுவது), வைரஸ் அடையாளப் பட்டியல் ஆகியவை மட்டும் தனியாக வரும்.

வேலை அதிகமாவது மாதங்களால் அல்ல, பதிப்பு பழையதாக இருப்பதால். அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

என்கிட்ட இருக்கிறது எந்த விண்டோஸ்னே தெரியலையே?

கீபோர்டில் விண்டோஸ் பொத்தானோடு ‘ஆர்’ எழுத்தை அழுத்துங்கள். சின்னப் பெட்டி வரும். அதில் ‘வின்வெர்’ (winver) என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்தாக அடித்து என்டர் தட்டினால் பதிப்பு எண் தெரியும். விண்டோஸ் 10 என்றால் 1809, 1909, 21எச்2, 22எச்2 என்று ஏதாவது இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வருஷம். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பு 22எச்2.

பழைய பதிப்பில் நிற்கும் மிஷினுக்கு மாத அப்டேட் வருவதே நின்றுபோயிருக்கும். ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்தினால் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று பச்சை டிக் கூடக் காட்டலாம். அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள், டிக்கை அப்புறம் பார்க்கலாம்.

சரி, நேரா அப்டேட்டை அமுக்கிடலாமா?

கையை எடுங்கள். முதலில் டேட்டாவை வெளியே எடுத்து வைக்கவேண்டும். டேலி போட்டிருந்தால் அதன் பேக்கப்பை மென்பொருளுக்குள்ளேயே எடுத்து, வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். டெஸ்க்டாப் முழுக்கக் கொட்டிக் கிடக்கும் ஃபைல்களையும் விடாதீர்கள். நம் ஊரில் முக்கியமான எல்லாமே டெஸ்க்டாப்பில்தான் இருக்கும். டிடிபி கடை என்றால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பிறகு தேடினால் கிடைப்பதில்லை. எடுத்த பேக்கப்பை வேறொரு மிஷினில் திறந்து பார்ப்பது நல்லது. திறக்காத பேக்கப் பேக்கப் இல்லை.

அடுத்து சி டிரைவில் இடம். பதிப்பு மாற்ற 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும், 30 இருந்தால் எனக்கு நிம்மதி. பிறகு பென்டிரைவ், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும்.

இதெல்லாம் எனக்கு அடிபட்டுத் தெரிந்தது. தை மாதம், சம்பா நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம், ஒரு மில்லில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ‘அரை மணி நேரம்தாண்ணே’ என்று சொல்லி ஆரம்பித்தேன். மறுநாள் காலை பதினோரு மணிக்கும் நீலத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் லாரி நின்றது. கையால் பில் எழுதினார்கள். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்போ எந்த நேரத்துலதான் போடறது?

டெல்டாவில் இதற்கு ஒரு பருவம் இருக்கிறது. ரைஸ் மில், நெல் வியாபாரி, கமிஷன் மண்டி என்றால் குறுவை அறுவடையிலும் தை, மாசியில் சம்பா அறுவடையிலும் தொடவே கூடாது. உரக்கடைக்கு மேட்டூர் திறந்து (வழக்கப்படி ஜூன் 12) நாற்றங்கால் வேலை ஆரம்பித்துவிட்டால் ஓய்வு கிடையாது. மார்ச் கடைசி வாரம் கணக்கு முடிக்கும் நேரம், அது யாருக்கும் ஆகாது. ஆக, மிச்சம் ஏப்ரல் பாதியிலிருந்து மே வரை. பள்ளிக்கூடத்துக்கும் அதே விடுமுறைதான்.

கிழமை கேட்டால் சனிக்கிழமை மதியம். ஏதாவது கோளாறு ஆனால் ஞாயிறு கையில் இருக்கும். உங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஓடவிட்டுட்டுப் போயிடறேன், நடுவுல கரண்ட் போனா மிஷின் செத்துடுமா?

பெரும்பாலும் சாகாது. இறக்கிக்கொண்டிருக்கும்போது போனால் ஒன்றுமே இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். ‘அணைக்காதீர்கள்’ என்ற திரையில் சதவீதம் ஓடும்போது போனால், திரும்ப ஆன் செய்ததும் ஒன்று தொடரும், அல்லது செய்ததையெல்லாம் தானே கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குப் போகும். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பவர்கள்தான் மிஷினைக் கெடுக்கிறார்கள். கரண்ட்டால் கெட்டதைவிட விரலால் கெட்டதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. பயாஸ் (ஆன் செய்ததும் மிஷினை எழுப்பும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் மதர்போர்டே எழாமல் போகக்கூடும். அதை யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். லேப்டாப் என்றால் பேட்டரியும் நிறைந்திருக்கவேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்கவேண்டும்.

ஆன் பண்ணினா தேதி 2012னு காட்டுது, எந்த வெப்சைட்டும் திறக்கல, அப்டேட்டும் வரல?

மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலும் கிடைக்கும். அப்டேட் சர்வரின் சான்றிதழ் செல்லுமா என்பதை உங்கள் மிஷினின் தேதியை வைத்துத்தான் விண்டோஸ் பார்க்கும். தேதி தப்பு என்றால் எல்லாமே போலி என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த மிஷினில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எங்க ஊர்ல ஃபைபர் இல்ல, போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி. எப்படி இறக்கறது?

ஹாட்ஸ்பாட்டை விடுங்கள். முதலில் வைஃபை அமைப்பில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்து வையுங்கள், இல்லாவிட்டால் காலை எட்டு மணிக்கே அன்றைய டேட்டாவை அது குடித்துவிடும். அப்புறம் நல்ல நெட் இருக்கும் இடத்தில், தெரிந்தவர் வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ, மைக்ரோசாஃப்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் முழு விண்டோஸையும் ஏற்றிக்கொள்ளுங்கள். மாத அப்டேட் மட்டும் வேண்டுமென்றால் ‘அப்டேட் கேட்டலாக்’ என்ற தளத்தில் அது தனிக் கோப்பாகக் கிடைக்கும். விண்டோஸ் 10க்குப் பல நூறு எம்பி இருக்கும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளுக்கு ஜிபி கணக்கில் போகிறது.

கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து ஆரம்பிக்கும்போது ‘இப்போது அப்டேட் இறக்கவா’ என்று கேட்கும். ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள்.

1809ல நிக்குது. 1903, 1909னு ஒவ்வொரு படியா ஏறணுமா?

வேண்டாம், ஒரே தாவல். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே சொன்ன பென்டிரைவைத் திறந்து ‘செட்டப்’பை இரண்டு தடவை கிளிக் செய்தால் நேராக 22எச்2க்குப் போய்விடலாம். பென்டிரைவில் பூட் செய்தால் சுத்தமாக அழித்துப் போடும் வழிதான் கிடைக்கும், அதைச் செய்யாதீர்கள். பதிப்பு எண் 2004 (இது வருஷம் இல்லை) அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இவ்வளவுகூட வேண்டாம். அவற்றின் அடிப்படை ஒன்றுதான், சின்னச் சாவி போன்ற ஒரு அப்டேட் போதும்.

‘ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்’ என்ற வரி மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் மேலே போகாதீர்கள். பென்டிரைவில் இருக்கும் மொழியோ வகையோ உங்கள் மிஷினோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். அமெரிக்க ஆங்கிலம், சர்வதேச ஆங்கிலம் இரண்டும் விண்டோஸுக்கு வேறு வேறு மொழி. 32 பிட், 64 பிட் வித்தியாசமும் அப்படித்தான்.

போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் 10 நாளைக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதுவரை இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று ‘விண்டோஸ் ஓல்டு’ ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

நூறு சதவீதம் வரைக்கும் வந்துட்டு ‘அன்டூயிங் சேஞ்சஸ்’னு பழையபடி போயிடுது, மூணு தடவை ஆச்சு?

இடம், தேதி, பிடுங்க வேண்டிய கருவிகள் மூன்றையும் மேலே சொன்னபடி பார்த்துவிட்டீர்களா? அப்படியானால் அடுத்த சந்தேகம் வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ். அதை நிறுத்தினால் போதாது, கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அப்டேட் சர்வீஸை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருப்பதன் பெயரை மாற்றி, சர்வீஸை மறுபடி ஓடவிடுங்கள். பாதி இறங்கிக் கெட்டுப்போன கோப்புகள் அங்கேதான் கிடக்கும்.

இணையத்தில் இதற்கு நாற்பது கட்டளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். என் வழக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நோண்டுவதில்லை. போன பதிலில் சொன்ன பென்டிரைவை எடுத்து அதே பதிப்பை மேலேயே போட்டுவிடுவேன். உள்ளே உடைந்தது எதுவானாலும் மொத்தமாகப் புதிதாகிவிடும், ஃபைலும் ஆப்பும் அப்படியே இருக்கும்.

ஸ்கூல் லேப்ல பதினஞ்சு மிஷின் இருக்கு. எல்லாத்துலயும் ஒரே நாள்ல போட்டுடலாமா?

ஒன்றில் போடுங்கள். அதுவும் ரொம்பப் பழையது எதுவோ அதில். பிரிண்டர், புரொஜெக்டர், பிள்ளைகள் பயன்படுத்தும் மென்பொருள் எல்லாம் ஓடுகிறதா என்று நாலு நாள் பார்த்துவிட்டு மிச்சத்துக்குப் போங்கள். ஒரு நோட்டில் மிஷின் எண், பழைய பதிப்பு, போட்ட தேதி எழுதுங்கள். பத்தாவது மிஷினில் எதைச் செய்தோம் என்று ஞாபகம் இருக்காது.

‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற அமைப்பில் உள்ளூர் நெட்வொர்க்கை மட்டும் அனுமதித்தால், ஒரு மிஷின் இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். தலைமடைக்காரர் பாய்ச்சிவிட்டு அடுத்த வயலுக்கு மடையைத் திறந்துவிடுவது மாதிரி. இங்கே சண்டை கிடையாது.

அப்டேட் போட்டதும் பிரிண்டர் மாறிடுச்சு, ஷேர் ஃபோல்டரும் திறக்கல. கெடுத்துட்டீங்களே தம்பி?

பிரிண்டர் எளிது. கடைசியாக எதில் அச்சடித்தீர்களோ அதையே முதன்மை பிரிண்டராக வைத்துக்கொள்ளும் வசதி ஆன் ஆகியிருக்கும். அதை அணைத்துவிட்டு உங்கள் பில் பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள்.

ஷேர் ஃபோல்டர் திறக்காதது வேறு கதை. முதல் கேள்வியில் சொன்னேனே, வைரஸ் தாவிய அந்த ஃபைல் பகிரும் முறை, ‘எஸ்எம்பி 1’ என்று பெயர். 2017 கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் அதைப் புதிதாகப் போடுவதில்லை, பயன்படுத்தாமல் கிடந்தால் தானே கழற்றியும் விடுகிறது. மறுமுனையில் எக்ஸ்பி மிஷினோ பழைய ஸ்கேனரோ இருந்தால் பேச்சு அறுந்துபோகும். மறுபடி ஆன் செய்யச் சொல்லிப் பலர் வற்புறுத்துகிறார்கள். நான் செய்வதில்லை. ஸ்கேன் செய்ததைப் பென்டிரைவில் எடுங்கள்.

போனதையே பேசுகிறோம், வந்ததும் ஒன்று உண்டு. 2019 மே பதிப்பிலிருந்து தமிழை ஒலிப்படி அடிக்கும் கீபோர்டு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

நீலத் திரையில 48 நம்பர் சாவி கேக்குது. நான் எதுவும் பூட்டலையே?

விண்டோஸ் தானே பூட்டியிருக்கும். புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்ததுமே டிஸ்க் பூட்டப்படுவது உண்டு, ‘பிட்லாக்கர்’ வகை. பயாஸ் மாறினால் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். அந்தக் கணக்கில் போனிலிருந்து நுழைந்து ‘ரெக்கவரி கீ’ பார்த்து அடித்தால் திறந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், கணக்கு யாருடையது என்பது. லேப்டாப் வாங்கிய அன்று கடையில் வேலை பார்த்த பையன் தன் மெயிலைப் போட்டிருப்பான். இப்போது அவன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். சாவி கிடைக்காவிட்டால் என்னாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது. அதனால் பாக்கி தீர்க்க உட்காருவதற்கு முன்பே அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

விண்டோஸ் 7 மிஷின் ராத்திரி முழுக்க அப்டேட் தேடிக்கிட்டே இருக்கு, ஒண்ணும் வரல?

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றே ஆதரவு முடிந்தது. குரோம் பிரவுசரும் 109ஆவது பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. இங்கே இரண்டாவது பதிலில் சொன்ன கூட்டுத்தொகைக் கணக்கு முழுதாகச் செல்லாது. அப்டேட்டின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் முறை 2019இல் மாறியதால், கேபி 4490628, கேபி 4474419 (கேபி என்பது அப்டேட்டின் எண்) இரண்டையும் கேட்டலாக் தளத்திலிருந்து கையால் போட்ட பிறகுதான் மற்றவை உள்ளே போகும். 2016 வரையுள்ள பாக்கிக்கு கேபி 3125574 என்ற பெரிய மூட்டை உண்டு. அதற்கு முன் கேபி 3020369 போட்டிருக்கவேண்டும்.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்டால், பெரும்பாலும் வீண் என்றுதான் சொல்வேன். எடை மேடையோடு பழைய சீரியல் கேபிளில் பேசும் மிஷின் மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்த மென்பொருள் புதியதில் ஓடாது. அதை மாற்றவேண்டாம், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு எடை மட்டும் போட வையுங்கள். அதே மிஷினில் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கே காலம் முடிஞ்சுதாமே, இப்போ பாக்கி தீர்த்து என்ன பிரயோஜனம்?

2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, உண்மை. ஆனால் வீட்டு உபயோக மிஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். அதில் சேர 22எச்2 பதிப்பு கட்டாயம். அந்தப் பிரயோஜனம் போதாதா?

விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். நம் கடைகளில் இருப்பதில் பாதிக்கு மேல் தேறாது.

எங்களுது ஒரிஜினல் விண்டோஸ் இல்ல. அப்டேட் போட்டா மாட்டிக்குவோமா?

விண்டோஸ் 10இல் பாதுகாப்பு அப்டேட் லைசென்ஸ் இல்லாவிட்டாலும் வரும். மாட்டுவது வேறு இடத்தில். கிராக் போட்டவர்கள் அப்டேட்டையே முடக்கி வைத்திருப்பார்கள், கூடவே எதையெல்லாம் உள்ளே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்த மிஷினில் நான் பாக்கி தீர்ப்பதில்லை. டேட்டாவை எடுத்துவிட்டு லைசென்ஸ் வாங்கிப் புதிதாகப் போடுங்கள், அல்லது லினக்ஸுக்குப் போங்கள்.

லினக்ஸ்ல இந்தத் தொல்லை இல்லையாமே? உபுண்டு 18.04 போட்டு அப்படியே இருக்கு.

தொல்லை குறைவு, பாக்கி உண்டு. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு வழக்கமான ஆதரவு ஐந்து வருஷம். 18.04க்கு 2023இல் முடிந்தது. இங்கே விண்டோஸ் மாதிரி ஒரே தாவல் கிடையாது. 18.04லிருந்து 20.04, அதிலிருந்து 22.04 என்று படிப்படியாகத்தான் ஏறவேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன் அந்தப் பதிப்பின் பாக்கியைத் தீர்த்திருக்கவேண்டும். ‘பூட்’ பகுதி பழைய கெர்னல்களால் (லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பிரதிகளால்) நிறைந்திருந்தால் பாதியில் நின்றுவிடும், முதலில் அதைக் காலி செய்யுங்கள். இரண்டு படிக்கு மேல் என்றால் டேட்டாவை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே வேகம்.

இனிமே அப்டேட்டே வராம நிறுத்தி வைக்க ஒரு வழி சொல்லுங்களேன்?

முறையான வழியில் விண்டோஸ் 10இல் 35 நாள் வரை நிறுத்தலாம். அறுவடைக் காலத்துக்கு நானே அப்படித்தான் செய்து கொடுக்கிறேன். அப்டேட் வெளியாவது மாதத்தின் இரண்டாவது செவ்வாய், நமக்கு அது ராத்திரி நேரம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் விட்டுச் சனிக்கிழமை போடுங்கள் என்பேன். அதற்குள் அதில் பெரிய கோளாறு இருந்தால் செய்தி வந்துவிடும்.

சர்வீஸையே முடக்கும் வழியும் தெரியும். எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ‘திடீர்னு ரீஸ்டார்ட் ஆகுது’ என்று போன் வந்தாலே போய் அதை முடக்கிவிட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். இப்போது நாலு வருஷப் பாக்கி, ஐந்து வருஷப் பாக்கி என்று வரும் மிஷின்களில் சிலதைத் திறந்து பார்த்தால் என் கைவேலை தெரிகிறது. அவற்றுக்கு மட்டும் கூலி வாங்குவதில்லை.